ஐந்து ஆறு தாண்டி ஆபீஸ்... பெட்ரோல் பைக்கா, பேட்டரி வண்டியா?

தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் இடையே 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகள் குறுக்கே வந்துவிடும். ஒரு பாலம் இறங்கி, கியரை மாற்றி வேகம் எடுப்பதற்குள் அடுத்த பாலம். தியாகராஜர் சமாதிக்கும் அசோகா அல்வாவுக்கும் வருகிற வெளியூர்க்காரர்கள் பாலத்தில் வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த அவகாசம் கிடையாது. காலை எட்டரை மணிக்கு இந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லாம் தஞ்சாவூரில் ஒன்பதுக்கோ ஒன்பதரைக்கோ கைரேகை வைத்தாக வேண்டியவர்கள். கலெக்டர் ஆபீஸ், மெடிக்கல் காலேஜ், ஜவுளிக்கடை, தனியார் பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு திசை.

பள்ளியக்ரகாரம் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு வித்தியாசம் தெரியும். வரிசையாக வண்டிகள் சத்தத்தோடு போகும். நடுவில் ஒன்று மட்டும் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். பச்சை நம்பர் பிளேட். அந்த வண்டி டீக்கடையில் நின்றால் போதும், பெஞ்சில் இருப்பவர்கள் விசாரணையை ஆரம்பித்துவிடுவார்கள். "ஒரு தடவ சார்ஜ் போட்டா எவ்ளோ தூரம் ஓடுது?" என்பது முதல் கேள்வி. "மழைத் தண்ணில நிக்காதே?" என்பது இரண்டாவது. மற்ற ஊர்களில் முதல் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். டெல்டாவில் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் நீளும்.

திருவையாற்றில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். கணவருக்குக் கும்பகோணத்தில் கடை வேலை. மனைவிக்குத் தஞ்சாவூரில் பள்ளிக்கூட வேலை. வீட்டில் இருக்கிற ஒரே பைக்குக்கு வயது பன்னிரண்டு. மெக்கானிக் கையை விரித்துவிட்டார்: "அண்ணே, இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க." கடன் வாங்கினாலும் இப்போதைக்கு ஒரு வண்டிதான் வாங்க முடியும். பெட்ரோலா, பேட்டரியா? யாருக்கு?

ஷோரூமில் எல்லோரும் சொல்கிற ஒரு வாசகம் உண்டு. "டவுனுக்குள்ள ஓட்டுறவங்களுக்கு எலக்ட்ரிக் சார், தூரமாப் போறவங்களுக்குப் பெட்ரோல்தான்." கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். பேப்பரில் கணக்குப் போட்டால் அது தலைகீழாகிறது.

பேப்பரும் பேனாவும்

100 சிசி பெட்ரோல் பைக் ஒன்று ரோட்டில் உண்மையாகத் தருவது லிட்டருக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒரு யூனிட் கரண்டில் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து. வீட்டுக் கரண்ட் யூனிட் 5 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், மனைவி தஞ்சாவூர் போய்வர 26 கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் சுமார் 44 ரூபாய் ஆகும். கரண்டில் 5 ரூபாய்கூட ஆகாது. மாதம் 25 நாளைக்கு மிச்சம் ஏறக்குறைய 1,000 ரூபாய்.

கணவர் கும்பகோணம் போய்வர 70 கிலோமீட்டர். பெட்ரோலில் 118 ரூபாய், கரண்டில் 12 ரூபாய். மாதத்துக்கு மிச்சம் 2,650 ரூபாய்.

வண்டி விலையில் எலக்ட்ரிக் கூடுதல். பேட்டரியின் அளவைப் பொறுத்து, ஆன்ரோடு விலையில் 40,000 ரூபாய் வித்தியாசம் வரும் என்று வைத்தால், மனைவியின் ஓட்டத்தில் அந்தப் பணம் திரும்பி வர மூன்று வருடம் நாலு மாதம் ஆகும். கணவரின் ஓட்டத்தில் பதினைந்தே மாதம். ஆக, தூரம் போகிறவருக்குத்தான் பேட்டரி வண்டி லாபம். பக்கத்தில் போய் வருகிறவர் அதை வாங்கலாம். சத்தம் இல்லை, கியர் இல்லை, பங்க்கில் வரிசை இல்லை. பணத்தை மிச்சப்படுத்துவதற்காக என்று சொல்லிக்கொண்டு மட்டும் வாங்க வேண்டாம்.

இந்த 40,000 ரூபாய் இடைவெளிக்கும் ஒரு கதை இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு பேட்டரித் திறனில் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய் மானியம் தந்தது. 2023 ஜூனில் அது 10,000 ஆனது. 2024-ல் 5,000. அடுத்த வருடம் 2,500. மானியம் இப்படித் தேய்ந்துகொண்டே வர, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. எலக்ட்ரிக் வண்டிக்கு முன்பிருந்தே 5 சதவிகிதம்தான், அதில் மாற்றமில்லை. இரண்டு வருடம் முன்பு வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற கணக்கு இன்றைக்குச் செல்லாது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகிற வண்டிதான், ஆனாலும் நம் ஊர் வண்டி என்பதற்காக யாரும் விலையைக் குறைப்பதில்லை.

கரண்ட் பில்லில் ஒரு சின்னப் பொறி உண்டு. இங்கே மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். கணவரின் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 117 யூனிட் கூடும். வீட்டில் இப்போதே 400 யூனிட் ஓடுகிறது என்றால் வண்டி வந்ததும் 500-ஐத் தாண்டிவிடும். 500-க்கு மேல் போனால் வீதமே வேறு; அதற்கு மேலுள்ள ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல். ஏசி இருக்கிற வீடுகள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆனால் யூனிட் 9 ரூபாய் என்றே வைத்தாலும் 70 கிலோமீட்டருக்கு 21 ரூபாய்தான். 118 ரூபாயோடு ஒப்பிட்டால் அதுவும் ஒன்றுமில்லை.

மனைவியின் 26 கிலோமீட்டருக்கு மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பெட்ரோலும் இல்லை, கரண்டும் இல்லை. இந்தக் கணக்கை எந்த ஷோரூமும் சொல்லாது! ஆனால் பஸ் இலவசமே தவிர, நேரம் இலவசம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கூட்டம் பார்த்து ஏறி, வீடு வந்து அடுப்பைப் பற்றவைக்கும் வரை ஆகிற நேரத்தை எந்தப் பேப்பரில் எழுதுவது? "மிச்சம் பாக்கும்போது என் ஒரு மணி நேரத்தையும் சேத்துப் பாருங்க" என்று அவர் கேட்டால் கணவரிடம் பதில் இருக்காது.

கும்பகோணம் சாலையின் 35 கிலோமீட்டர்

கல்லணையில் தொடங்கி, காவிரியின் கூடவே நடந்து, பூம்புகாரில் கடலைப் பார்க்கிற ஒரு மாநில நெடுஞ்சாலை இருக்கிறது. கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் அணையிலிருந்து காவிரிப்பூம்பட்டினம் வரை போகும் அந்தச் சாலையின் நடுத் துண்டுதான் திருவையாற்றிலிருந்து கும்பகோணம். திருப்பழனம், கபிஸ்தலம், சுவாமிமலை. ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் நெல், இடையிடையே வெற்றிலைக் கொடிக்கால். சுவாமிமலைக்குப் பக்கத்தில் வந்தால் உலோகம் உருக்குகிற பட்டறைகள். காவிரி வண்டலில் அச்சு எடுத்து ஐம்பொன் சிலை வார்க்கிற ஸ்தபதிகளின் ஊர் அது.

பார்க்க அழகான சாலை. ஓட்டுகிறவருக்கு அழகு இரண்டாம் பட்சம். நான்கு வழிச்சாலை மாதிரி ஒரே வேகத்தில் போக முடியாது. ஊர் வரும், வேகத்தடை வரும், கோயில் முக்கு வரும், ஆட்டு மந்தை வரும். இங்கே பேட்டரி வண்டிக்கு ஒரு அனுகூலம்: மெதுவாகப் போனால் அதற்குக் கிலோமீட்டர் கூடும். நாற்பதில் போகும்போது கொடுக்கிற தூரத்தை அறுபதில் போகும்போது கொடுக்காது. பெட்ரோல் பைக்குக்கும் இது பொருந்தும் என்றாலும், வித்தியாசம் அதில் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. பின்னால் ஆள் உட்கார்ந்தால், முன்னால் அரிசி மூட்டை வைத்தால், டயரில் காற்று குறைந்தால் இன்னும் குறையும்.

70 கிலோமீட்டர் என்பது எல்லைக்கோட்டுத் தூரம். கம்பெனி விளம்பரத்தில் போடுகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 3 யூனிட் அளவுள்ள பேட்டரி ரோட்டில் 85, 90 கிலோமீட்டர் தரும் என்று எதிர்பார்க்கலாம். புதிதாக இருக்கும்போது 70 சுலபம். இரண்டு மூன்று கோடை பார்த்த பிறகு பேட்டரியின் கொள்ளளவு கொஞ்சம் இறங்கும். தஞ்சாவூர் கத்திரி வெயிலில் மேற்கூரை இல்லாத ஸ்டாண்டில் நாள் முழுக்க நிற்கிற வண்டிக்கு அது சீக்கிரமே இறங்கும். அப்போது 70 கிலோமீட்டர் முடிந்து வீடு வரும்போது மீட்டரில் ஒற்றை இலக்கம் தெரியும். ஓட்டுகிறவரின் கண் ரோட்டில் இருக்காது, மீட்டரில் இருக்கும்.

இதற்கு வழி இரண்டு. பெரிய பேட்டரி வண்டி வாங்குவது. அல்லது வேலை பார்க்கிற இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் கேட்பது. இரண்டாவதற்குச் செலவு இல்லை, கேட்பதற்குத்தான் தயக்கம். கடை கரண்டுக்கு வணிக வீதம், வீட்டைவிட அதிகம். ஒரு வழித் தூரத்துக்கு மட்டும் அங்கே ஏற்றினாலும் மாதம் 30 யூனிட் வரும். "முதலாளி, மாசம் முன்னூறு ரூபா பிடிச்சுக்கங்க" என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் மறுக்க மாட்டார் என்று நம்பலாம். வழியில் இருக்கிற பொது சார்ஜரை நம்பிக் கிளம்புகிறவர், தன் கம்பெனி வண்டிக்கு அந்த பிளக் பொருந்துமா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. எல்லா வண்டிக்கும் ஒரே பிளக் என்கிற நிலை இன்னும் வரவில்லை.

தூரம் போகிறவருக்கு லாபம் என்று சொல்லும்போது ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பேட்டரி வாரன்ட்டி வருடத்தில் மட்டும் இல்லை, கிலோமீட்டரிலும் எழுதியிருக்கும். 3 வருடம் அல்லது 50,000 கிலோமீட்டர். சில வண்டிகளுக்கு 8 வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர். எது முதலில் வருகிறதோ அது. ஷோரூமில் '8 வருடம்' என்பது பெரிய எழுத்தில் இருக்கும், 80,000 சின்ன எழுத்தில் இருக்கும். கும்பகோணம் போய்வருகிறவர் வருடத்துக்கு 21,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். 50,000 இரண்டரை வருடத்துக்குள் தீரும். 80,000 நான்கு வருடம்கூடத் தாங்காது. அவருக்கு அந்த 8 வருடம் வெறும் அலங்காரம். தஞ்சாவூர் போய்வருகிற மனைவிக்கோ வருடம் 7,800 கிலோமீட்டர்தான். 8 வருடமும் முழுசாகக் கிடைக்கும்.

புது பேட்டரியின் விலை வண்டி விலையில் பாதியை ஒட்டி வரும். 80,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது கணவருக்குப் பெட்ரோலில் மிச்சமாகி இருப்பது சுமார் 1,20,000 ரூபாய். ஆரம்பத்தில் கூடுதலாகக் கொடுத்த 40,000 போனால் 80,000 கையில். புது பேட்டரி வாங்கினாலும் கையைக் கடிக்காது. ஆனால் அந்த மிச்சம் கையில் இருக்க வேண்டுமே! மாதம் 2,650 ரூபாய் பெட்ரோல் பங்க்குக்குப் போகாமல் வேறெங்கேயோ கரைந்து போயிருந்தால், நான்காவது வருடம் அந்த வீட்டில் சண்டைதான். வண்டி வாங்கிய மாதமே போஸ்ட் ஆபீஸில் ஒரு ஆர்.டி. போடுகிறவர்கள் புத்திசாலிகள்.

வைக்கோல் காலமும் வெள்ளக் காலமும்

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இந்தக் கணக்கோடு கதை முடிந்திருக்கும். இங்கே ஜூன் 12 என்று ஒரு தேதி இருக்கிறது. மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான நாள். தண்ணீர் வந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. ஊரின் சாலைகளும் அந்த நாள்காட்டிப்படிதான் மாறும்.

தை, மாசியில் சம்பா அறுப்பு. கிராமச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பினால் விவசாயி வேறெங்கே போவார்? இருட்டில் அந்தக் கல் தெரியாது. சில இடங்களில் தாளை ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள். போகிற வண்டிகளே மிதித்துக் கொடுத்துவிடும். இந்த வைக்கோல் பைக்கின் செயினில் சுற்றும், சூடான சைலன்சரில் ஒட்டிக் கருகும். பேட்டரி ஸ்கூட்டரில் சைலன்சர் கிடையாது, அந்த வகையில் நிம்மதி. ஆனால் அதன் சக்கரம் சின்னது. பெரும்பாலும் 12 அங்குலம். பெட்ரோல் பைக்குக்கு 17, 18 அங்குலம். வாய்க்கால் கரை ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால் பெரிய சக்கரம் தாண்டிவிடும், சின்ன சக்கரம் இறங்கி ஏறும். முதுகுவலிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் விலையைவிட முக்கியம். பைக் வடிவில் எலக்ட்ரிக் வண்டிகளும் 2019 முதல் இந்தியச் சந்தையில் இருக்கின்றன. ஆனால் கடைவீதியில் விசாரிக்கப் போகிறவர் முன்னால் வந்து நிற்பது பெரும்பாலும் ஸ்கூட்டர்தான்.

வயல் வேலைக்காரர்கள் இந்த விவாதத்துக்குள்ளேயே வருவதில்லை. அவர்களுக்கு எக்ஸ்எல் இருக்கிறது. 1980-ல் வந்த டிவிஎஸ் 50-ன் வாரிசு. முன்னால் ஒரு உர மூட்டை, பின்னால் ஒரு புல்லுக்கட்டு, நடுவில் ஒரு ஆள். எந்த இன்ஜினீயர் எழுதிய பாரமும் அதற்குக் கணக்கில்லை. எக்ஸ்எல் செய்கிற வேலையை அதே விலையில் செய்கிற பேட்டரி வண்டி வரும்வரை வரப்பு ஓரத்தில் பெட்ரோல் வாசனை போகாது.

ஐப்பசி, கார்த்திகையில் டீக்கடையின் இரண்டாவது கேள்விக்கு வர வேண்டும். தண்ணீரில் நிற்குமா, நிற்காதா? நல்ல கம்பெனிப் பேட்டரிகளில் ஐபி 67 என்று போட்டிருக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது என்பது அந்தச் சோதனையின் அர்த்தம். முழங்கால் தண்ணீரில் பெட்ரோல் பைக் சைலன்சர் வழியாகத் தண்ணீர் குடித்து நின்றுவிடும். பேட்டரி வண்டி போய்விடும். அதற்காக அதை ஓடம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சோதனை பேட்டரிக்கு. லைட், ஸ்விட்ச், சார்ஜிங் வாய் எல்லாம் வேறு கதை. வீடு வந்ததும் ஈரத்தோடு சார்ஜ் போடவே கூடாது. நன்றாகத் துடைத்து, உலர்ந்த பிறகுதான். வண்டி ராத்திரி முழுக்க வெள்ளத்தில் நின்றிருந்தால் சர்வீஸ் சென்டர் ஆள் பார்க்காமல் பிளக்கைத் தொடக் கூடாது.

நின்றுபோனால் யார் பார்ப்பது என்பது அடுத்த சங்கடம். பெட்ரோல் பைக்குக்குப் புங்கமரத்தடியில் ஸ்பேனரோடு ஒரு மெக்கானிக் இருப்பார். கபிஸ்தலத்தில் இருப்பார், திருக்காட்டுப்பள்ளியில் இருப்பார். பேட்டரி வண்டிக்கு லேப்டாப் வைத்துப் பார்க்கிற ஆள் வேண்டும். அவர் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருப்பார். பிரேக், டயர், பஞ்சர் தவிர மற்றதற்கெல்லாம் வண்டியை டெம்போவில் ஏற்ற வேண்டியதுதான். வாங்கப் போகிறவர் ஷோரூமின் ஏசியில் உட்காருவதற்கு முன் அதன் சர்வீஸ் சென்டர் வாசலில் பத்து நிமிடம் நிற்கலாம். அங்கே காத்திருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

கஜா போன பாதை

தஞ்சாவூரிலிருந்து தெற்கே, கல்லணைக் கால்வாய் போகிற திசையில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி. 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய் இது. இங்கே இன்னும் 'புது ஆறு'தான். நெல்லோடு தென்னையும் சேர்ந்த பூமி. இந்தப் பக்கத்துக்காரர்களிடம் பேட்டரி வண்டி பற்றிப் பேச்சு எடுத்தால், மைலேஜ் கேட்க மாட்டார்கள். "கஜா மாதிரி வந்தா?" என்பார்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. சில கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் ஜனங்கள் நின்றார்கள். அந்த நாட்களில் ஒரு கேனில் பெட்ரோல் கிடைத்தவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வீட்டில் எலக்ட்ரிக் வண்டி மட்டும் இருந்திருந்தால், இரண்டாம் நாளோடு அது வெறும் இரும்பு.

பெட்ரோல் பங்க்குக்கும் கரண்ட் வேண்டும், அங்கேயும் மோட்டார்தானே என்று எதிர்வாதம் வரும். சரிதான். ஆனால் ஒரு பங்க்குக்கு ஜெனரேட்டர் வைக்கலாம். ஊரிலிருக்கிற ஒவ்வொரு திண்ணைக்கும் வைக்க முடியாது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரே வண்டி வைத்திருக்கிற குடும்பம் அதைப் பெட்ரோலாக வைத்திருப்பதில் தப்பே இல்லை. இரண்டு வண்டி இருக்கிற வீட்டில் ஒன்று பேட்டரியாக இருக்கலாம்.

பெட்ரோல் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சேற்றுக்கு அடியிலேயே எண்ணெய் இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் கச்சா எண்ணெய் எடுத்தார்கள். பக்கத்திலேயே 1993-ல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியபோது ஊரே திரண்டது. நெடுவாசல் போராட்டமும் அதே வருடம்தான். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. அந்தப் போராட்டங்களுக்குப் போனவர்கள் பெட்ரோல் பைக்கில்தான் போனார்கள். அது குற்றம் இல்லை, வேறு வண்டி அன்றைக்கு எங்கே இருந்தது? இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். கரும்பிலிருந்து மட்டுமல்ல, மத்தியத் தொகுப்பின் உபரி அரிசியிலிருந்தும் அது தயாராகிறது. நெல் களஞ்சியத்துக்காரர் டேங்க்கை நிரப்பும்போது கொஞ்சம் அரிசியும் உள்ளே போகலாம். மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பது தனிக் குறை.

கரண்ட் மட்டும் பரிசுத்தமா என்றால், அதுவும் இல்லை. நெய்வேலி நிலக்கரி, கூடங்குளம் அணு, ஆரல்வாய்மொழிக் காற்று எல்லாம் கலந்துதான் வருகிறது. மேட்டூரில் டர்பைனைச் சுற்றிவிட்டு வருகிற தண்ணீரே பிறகு இங்கே நாற்றங்காலுக்குப் பாய்கிறது என்பது மட்டும் கேட்க நன்றாக இருக்கும்.

திண்ணையில் ஒரு பிளக்

தஞ்சாவூர் பக்கத்துப் பழைய வீடுகள் தெருவிலிருந்து மூன்று படி உயரம். ராத்திரி பைக்கைப் பலகை போட்டு ரேழிக்குள் ஏற்றுவார்கள். பேட்டரி ஸ்கூட்டரின் எடைக்கு அந்தப் பலகை தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஏற்றினாலும், ரேழியில் வைத்து சார்ஜ் போடலாமா என்பது வேறு கேள்வி. 2022-ல் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டியால் ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அதன் பிறகு பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் தயாரான வண்டியை செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவதற்கு முன் பத்து முறை யோசிக்கலாம்.

ஆட்கள் தூங்குகிற அறையிலோ, வெளியே போகிற ஒரே வழியிலோ சார்ஜ் போடாமல் இருப்பது நல்லது. திண்ணைக்கு மேல் சின்ன ஷீட் இறக்கி, 16 ஆம்ப் பிளக் ஒன்று, முறையான எர்த்தோடு. பழைய ஓட்டு வீடுகளில் எர்த் கம்பியே இருக்காது. மூன்று துளை பிளக் சுவரில் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் எதுவும் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தச் செலவையும் வண்டி விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வயலில் பம்ப்செட் கொட்டகை இருக்கிறவர்களுக்கு ஒரு சபலம் வரும். விவசாய இணைப்பில் கரண்ட் இலவசம்தானே என்று. அது பம்ப்செட்டுக்கு மட்டும். வண்டிக்குப் போட்டால் மின்வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

திருவையாற்றுக் குடும்பத்துக்குத் திரும்பலாம். கும்பகோணத்து முதலாளி இரண்டு நாள் யோசித்துவிட்டு, மாதம் முன்னூறு ரூபாய்க்குச் சரி என்று சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். கணக்கு அந்த பிளக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி வண்டி கணவருக்கு. பழைய பைக்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம் என்றார் அவர். கிடைக்கப் போவது சொற்பம்.

"என்னங்க, இந்த ஐப்பசி கார்த்திகை போகட்டும். அதுவரைக்கும் பழசு கொல்லையில நிக்கட்டும். கரண்ட் போய் நாலு நாள் வரலன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார் மனைவி. "அப்புறம், ஞாயித்துக்கிழமை வண்டி எனக்கு. கியர் இல்லைல்ல, நானே ஓட்டுவேன். வாரநாள்ல மழை பெய்யிற அன்னிக்கு நீங்க பஸ்ல போங்க, நான் வண்டில போறேன்."

அவர் தலையாட்டியிருக்க வேண்டும்.

வண்டி வந்த அன்று கோயில் வாசலில் பூஜை. சந்தனம், குங்குமம், மாலை, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். சாமி கும்பிட்டுவிட்டு கணவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி பழத்தின் மேல் ஏறி நாலடி முன்னே போய் நின்றது.

ஓரமாகக் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்த அம்மா, இன்ஜின் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

"என்னப்பா, இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா? நேரம் ஆவுது பாரு."

"நசுங்கிடுச்சு அத்தை. ரெண்டு பழமும் நசுங்கிடுச்சு. நீங்க கண்ணத் தொறங்க" என்றார் மருமகள்.